மச்சான் குளிக்க வாங்கிய டிரம்

அந்த வருஷம் சித்திரை முடிவதற்குள் கோயமுத்தூரில் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று நான் நம்பினேன். அதைவிடக் கேவலம், தண்ணீர் தீர்வதற்கு முன்னால் டிரம் தீர்ந்துவிடும் என்றும் நம்பினேன். தண்ணீரே இல்லாத ஊரில் டிரம்மை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. யோசிக்கவில்லை. ‘மலிவு விற்பனை’ என்று ஒரு துணியில் எழுதி இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிவிட்டால் போதும், என் தலைக்குள் மூளை இருக்கிற இடத்தில் காற்றடிக்க ஆரம்பித்துவிடும்.

இத்தனைக்கும் நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பர்ச்சேஸ் செக்‌ஷனில் உட்கார்ந்திருந்தவன். தொண்ணூறுகளில் அந்த நாற்காலிக்கு ஒரு மரியாதை இருந்தது. இரும்பு வார்க்கிற பவுண்டரிக்காரர்கள் காஸ்டிங்கைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் நகத்தால் சுரண்டுவேன், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன், ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் “எடுத்துட்டுப் போங்க” என்பேன். வேலை செய்கிற இடத்தில் அப்படி ஒரு புலி. சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வந்து முதல் தள்ளுபடிப் பலகையைப் பார்த்ததும் அந்தப் புலி வாலை ஆட்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மச்சான். மனைவியின் அண்ணன். வெள்ளகோவில் பக்கம் தோட்டம், எருமை, ஆழமான ஒரு கிணறு, அந்தக் கிணற்றைவிட ஆழமான குரல். முந்தின வருஷக் கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் காலையில் குளிக்கப் போனார். தலை முழுக்க சோப்பு போட்டு நுரை கண்ணுக்குள் இறங்குகிற நேரத்தில் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோனது. உள்ளேயிருந்து, “மாப்ளே, தண்ணிங்க!” என்று ஒரு சத்தம். நான் எதிர்வீட்டுக்கு ஓடி அரைக்குடம் கடன் வாங்கிக்கொண்டு வருவதற்குள் நுரை காய்ந்து, மச்சான் சுண்ணாம்பு அடித்த தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அரைக்குடத்தில் அவருடைய மீசைதான் சுத்தமானது. மீதியைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “பரவால்லீங்க, பரவால்லீங்க” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

ஊருக்குப் போனபிறகு பரவாயில்லை என்று அவர் நினைக்கவில்லை. அந்தப் பக்கம் நடந்த காதுகுத்து, கல்யாணம், கெடா வெட்டு எல்லாவற்றிலும் இலை போட்டுச் சாம்பார் வருவதற்குள் இந்தக் கதை வந்துவிடும். “எங்க மாப்ளை ஊட்டுல எல்லா வசதியும் இருக்குதுங்க. சோப்பு இருக்குது, மக்கு இருக்குது, பாத்ரூமுக்கு டைல்ஸ் கூடப் போட்டிருக்காங்க. தண்ணி மட்டுந்தான் நாம கொண்டுபோகோணும்.” பந்தியே சிரிக்கும். என் மனைவி அந்தப் பந்தியில் உட்கார்ந்து பருப்பைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

சித்திரைக் கடைசியில் கோயமுத்தூரில் ஒரு முகூர்த்தம். மச்சானின் பங்காளி வீட்டுக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலமே வந்து எங்கள் வீட்டில் தங்கி, காலையில் குளித்துவிட்டு மண்டபத்துக்குப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். செய்தி வந்த அன்றைக்கே என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“ஏனுங்க. இந்த ஒரு தடவை என்ற அண்ணன் ஒழுங்காத் தண்ணி வாத்துட்டுப் போகோணும். போன வருசமாட்டம் ஆச்சுன்னா, அப்பறம் அந்த ஊர்ல ஒரு விசேசத்துக்கும் என்னைக் கூப்புடாதீங்க. நீங்களே போய் உக்காந்து சாப்பிட்டுக்குங்க.”

அவ்வளவுதான் விஷயம். ஒரு மனிதர் ஒரு தடவை முழுசாகக் குளிக்க வேண்டும். உலகத்தில் எருமைக்குக் கூடச் செய்துகொடுக்கிற உபகாரம். அதற்கு நான் அடித்த கூத்துதான் மீதி.

எங்கள் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வருகிற நாளில் தெருவே குடத்தோடு விழித்திருக்கும். கோடையில் முறை கொஞ்சம் தள்ளிப்போகும், பிறகு வரும். எனக்குத் தெரிந்து வராமலே போனதில்லை. இது தெரிந்த மனிதன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எதிர்வீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தார். மில்லில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் மற்றவர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று பார்த்தே பழகியதால், வேலை போனபிறகு கெட்ட செய்தி எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சித்திரை பிறந்த வாரத்தில் கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்று குரலைத் தாழ்த்தினார்.

“சேதி கேட்டீங்களா?”

“இல்லீங்களே.”

“அணையில பாறை தெரியுதாமா.”

“எந்தப் பாறைங்க?”

“அடியில கெடக்கற பாறைதானுங்க. யானையெல்லாம் உள்ள எறங்கி அக்கட்ட இருந்து இக்கட்ட நடந்து போகுதாமா. இன்னும் ஒரு மாசம் தாங்காதுன்னு சொல்றாங்க.”

“யாருங்க சொல்றாங்க?”

“எல்லாருந்தானுங்க சொல்றாங்க.”

அந்த ‘எல்லாரும்’ அவரும் அவருடைய பல் செட்டும்தான் என்று இப்போது புரிகிறது. அப்போது அப்படியே நம்பிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி அரிசி களைந்த தண்ணீரை மனைவி கொட்டப் போனபோது, “ஐயோ, அதைக் கொட்டாதே” என்று கத்தினேன். வாசலில் இருந்த ரோஜாச் செடியை ஏதோ கடன்காரனைப் பார்ப்பது போல் பார்த்தேன். பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிப்பதை ஒரு மிடறோடு நிறுத்திக்கொண்டேன். ஆபீசில் என்னிடம் பேச வந்த பவுண்டரிக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றே பேசினார். என் கண்டிப்பைப் பார்த்து பயந்துவிட்டார் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

இந்த லட்சணத்தில்தான் அந்த மலிவு விற்பனை வந்தது. காந்திபுரத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒரு காலி மைதானம். தகரத்தையும் சாக்கையும் கட்டி, நடுவில் ஒரு குழாய் ஸ்பீக்கரை ஏற்றியிருந்தார்கள். எந்த ஊர்க்காரர்கள் என்று யாருக்கும் தெரியாது. கோடை பிறந்தால் வருவார்கள், மழை வந்தால் போய்விடுவார்கள். வாசலில் பெரிய துணிப் பலகை: ‘இன்றே கடைசி.’ அந்தத் துணி வெயிலில் வெளுத்து, கயிறு கட்டின ஓட்டைகளின் இரும்பு வளையங்கள் துருவேறியிருந்தன. எத்தனை ஊரில் எத்தனை கடைசி நாளைப் பார்த்த துணியோ. நான் அந்தத் துருவைப் பார்த்தேன். காஸ்டிங்கில் ஊசி ஓட்டை பார்க்கிற அதே கண்ணால்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு, ‘ஐயையோ, இன்றைக்குத்தான் கடைசியாம்’ என்று உள்ளே ஓடினேன்.

உள்ளே கோயமுத்தூரே இருந்தது. பாதி விலை என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் வாங்குவார்கள். வாங்கினார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். திருப்பூரில் கழித்துக் கட்டிய பனியன்கள் ஒரு மலை. ஒரு கை முழங்கை வரைக்கும், இன்னொரு கை அக்குளோடு சரி. அதையும் வெளிநாட்டு ஸ்டைல் என்று கழுத்தோடு வைத்துப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். இறக்கை இல்லாத டேபிள் ஃபேன் ஒன்று இருந்தது. அதற்கும் இரண்டு பேர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கோடைக்காக விலையைக் குறைத்தான் என்கிறார்கள். விற்காத சரக்கைத் தள்ளுகிறவனுக்குக் கோடை என்ன, குளிர் என்ன? வாங்குகிறவனுக்குத்தான் வெயிலில் புத்தி உருகுகிறது. இதை அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அவரைத் தள்ளிவிட்டு முன்னால் போயிருப்பேன்.

டிரம்கள் கடைசி வரிசையில் இருந்தன. நீல நிறம், என் மார்பு உயரம், மேலே வாய் அகன்று, மூடியை இரும்பு வளையத்தால் இறுக்குகிற மாதிரி. கடையில் விற்கிற விலையில் பாதிகூட இல்லை. ஒரே நேரத்தில் நானும், துணிப்பையோடு வந்த ஒரு அம்மாவும் ஒரே டிரம்மைப் பிடித்தோம்.

“நீங்க எடுத்துக்குங்க அண்ணா,” என்றார் அந்த அம்மா, பிடியை இறுக்கிக்கொண்டு.

“ஐயோ, இல்லீங்க. நீங்க எடுத்துக்குங்க,” என்று நான் என் பக்கம் இழுத்தேன்.

“பரவால்லீங்க, நீங்க முன்னாடியே வந்துட்டீங்க.” டிரம் அவர் பக்கம் போயிற்று.

“அதெல்லாம் இல்லீங்க. லேடீஸ் நீங்க. நீங்களே எடுத்துக்குங்க.” டிரம் என் பக்கம் வந்தது.

இப்படி மரியாதை குறையாமல் ஐந்து நிமிஷம் இழுத்துக்கொண்டோம். வேறு ஊராக இருந்தால் கெட்ட வார்த்தை பேசி முடித்திருப்பார்கள், வாங்க வந்தவருக்கும் டிரம்மை உற்றுப் பார்க்க நேரம் கிடைத்திருக்கும். எங்களுக்கு ‘ங்க’ போடவே மூச்சு சரியாக இருந்தது. கடைசியில் கடைக்காரன் ஓடிவந்து, “சண்டை எதுக்குங்க, இன்னும் இருக்குதுங்க” என்று பின்னால் சாக்கை விலக்கினான். அங்கே ஒரு லாரி லோடு நீல டிரம் நின்றது. எங்கள் இருவருக்கும் முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் போட்டி போட்டுப் பிடித்த டிரம்மை நான் விடவில்லை. கூட இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் எனக்குள் இருந்த பர்ச்சேஸ் செக்‌ஷன் லேசாகக் கண் விழித்தது.

“உள்ள என்னங்க இருந்துச்சு?”

“காத்துதானுங்க சார்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி பாரின்ல இருந்துச்சுங்க.”

“கழுவியாச்சுங்களா?”

“கழுவாமக் குடுப்பனுங்களா? சோப்பு போட்டுக் கழுவி, வெய்யில்ல காய வெச்சு… சார், ரெண்டு எடுத்தீங்கன்னா ஒரு பக்கெட் இனாமுங்க.”

இனாம் என்ற சொல் காதில் விழுந்ததும் விசாரணை முடிந்தது. டிரம்மை விரல் முட்டியால் நாலு தட்டுத் தட்டினேன், தேங்காய் பார்க்கிற மாதிரி. டிரம்மைத் தட்டினால் என்ன தெரியும்? டொம் என்று ஒரு சத்தம் வரும். வந்தது. திருப்தியாகத் தலையாட்டினேன். இனாம் பக்கெட் நல்ல சிவப்பு. வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் டிரம்மையே மறந்துவிட்டேன்.

லக்கேஜ் ஆட்டோவில் டிரம்களை நிற்கவைத்து, நடுவில் நான் நின்று, இரண்டையும் தோளோடு அணைத்துக்கொண்டு ஊர்வலமாக வந்தேன். எதிர்வீட்டுக்காரர் கேட்டில் நின்று பார்த்தார். மறுநாள் அவர் வீட்டிலும் இரண்டு வந்து இறங்கின. தெருவில் ஒருவன் பயந்தால் மற்றவனுக்கும் பயப்பட ஒரு காரணம் கிடைக்கிறது.

அந்த வாரமே தண்ணீர் வந்தது. நானே நின்று டிரம்களை வாய்வரைக்கும் பிடித்தேன். பிடிப்பதற்கு முன் உள்ளே கையைவிட்டு ஒரு தேய் தேய்த்திருக்கலாம். மார்பு உயர டிரம், குனிந்தால் தலை உள்ளே போய்விடும், எனக்கு இடுப்பு வலி. அதுதான் கழுவியாகிவிட்டது என்று சொன்னானே. மூடியைப் போட்டு வளையத்தை இறுக்கினேன். டிரம் உள்ளேயும் நீலம், தண்ணீரும் நீலமாக, கடல் மாதிரி தெரிந்தது. பிறகு வீட்டில் ஒரு சட்டம் போட்டேன்.

“இது மச்சானுக்குன்னு வெச்ச தண்ணி. ஒருத்தரும் தொடக் கூடாது.”

மனைவி முந்தானையால் மூடியைத் துடைத்தாள். கண்ணில் ஒரு ஈரம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் வாங்கிக் கொடுத்த எந்த நகைக்கும் அந்த ஈரம் வந்ததில்லை. நகையே அதிகம் வாங்கிக் கொடுத்ததில்லை என்பது வேறு விஷயம். நாங்கள் பழைய தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு, காக்காய்க் குளியல் குளித்துக்கொண்டு, அந்த டிரம்களைச் சாமி மாதிரி காத்தோம்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மச்சானும் அவர் மனைவியும் காரில் வந்து இறங்கினார்கள். மச்சான் மனைவியை என் மனைவி நங்கையா என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் அண்ணிக்கு அப்படித்தான். மச்சான் உள்ளே வந்து சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். பிறகு பின்கட்டில் நிற்கிற டிரம்களைப் பார்த்துவிட்டு மீசையை நீவினார்.

“என்னங்க மாப்ளே, பெரிய ஏற்பாடா இருக்குது?”

“உங்களுக்குத்தானுங்க,” என்றேன், ஒரு அணையையே கட்டி முடித்த எஞ்சினியர் மாதிரி. “நாளைக்கு நீங்க ஒரு டிரம் தீத்துப்போட்டாலும் இன்னொண்ணு இருக்குதுங்க.”

“எதுக்குங்க இத்தனை சிரமம்? நான் ஒரு பக்கெட்ல முடிச்சுக்குவேன்.”

“அண்ணா,” என்றாள் என் மனைவி, குரலில் ஒரு வருஷத்துப் பந்திகளையும் சேர்த்து, “நாளைக்கு ஆற அமரத் தண்ணி வாத்துக்க. ஒண்ணும் அவசரமில்லை.”

“ஆகட்டும் அம்மணி,” என்றார் மச்சான். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிதான் இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் விடியற்காலையில் மனைவி டிரம்மைத் திறந்து, மொண்டு, செம்பு அண்டாவில் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். பின்கட்டு பல்பு ஒரு மின்மினிப் பூச்சி அளவுக்குத்தான் வெளிச்சம் கொடுக்கும். அண்டா செம்பு. அதில் எதை ஊற்றினாலும் செக்கச்செவேலென்றுதான் இருக்கும். காய்ந்ததும் சிவப்புப் பக்கெட்டில் ஊற்றி, கலந்துகொள்ளப் பச்சைத்தண்ணீருக்கு டிரம்மிலிருந்தே ஒரு குண்டாவையும் நிரப்பி உள்ளே வைத்தாள். அதாவது, நீல டிரம், செம்பு அண்டா, சிவப்புப் பக்கெட். தண்ணீருக்கு என்ன நிறம் என்று யாரும் பார்த்துவிடக் கூடாது என்று திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

மச்சான் துண்டும் மாற்று வேட்டியுமாக உள்ளே போய்த் தாழ் போட்டார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் தெருவிலிருந்து கூப்பிட்டார்.

“ஏனுங்க! தண்ணி வந்துருச்சுங்க! குழாயத் தொறங்க!”

நான் ஈஸிசேரில் காலை நீட்டிக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோடையில் எனக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை.

“நமக்கு வேண்டாமுங்க,” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். “டிரம் நெறையாக் கெடக்குது. நீங்க புடிச்சுக்குங்க.”

பாத்ரூமிலிருந்து சலார் சலார் என்று தண்ணீர் விழுகிற சத்தம். நடுநடுவே “முருகா, முருகா” என்று மச்சானின் குரல். மனைவி சமையலறை வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கச்சேரி மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் டம்ளரைக் கழுவலாம் என்று பின்பக்கம் போனேன். பாத்ரூம் தண்ணீர் சந்துச் சாக்கடையில் போய் விழும். எதேச்சையாகப் பார்த்தேன்.

சாக்கடையில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

டம்ளர் கையிலிருந்து விழுந்தது. மச்சான் வழுக்கி விழுந்து மண்டை உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உடனே என் மனம் எங்கே போயிற்று தெரியுமா? ஐயோ, அவருக்கு என்ன ஆயிற்றோ என்று போகவில்லை. இந்தக் கதையை அடுத்த விசேஷப் பந்தியில் எப்படிச் சொல்வார்கள் என்று போயிற்று. ‘போன வருசம் தண்ணி இல்லை, இந்த வருசம் ஆளே இல்லை.’ ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

“மச்சான்! மச்சான்! நல்லாருக்கீங்களா?”

உள்ளே ஒரு கணம் சத்தம் நின்றது.

“அருமையா இருக்குதுங்க மாப்ளே,” என்றார். மறுபடியும் சலார்.

மண்டை உடைந்தவன் அருமையாக இருக்கிறது என்று சொல்லமாட்டான். சந்துக்குத் திரும்பி ஓடினேன். உற்றுப் பார்த்தால் ரத்தம் இல்லை. ரோஸ். கல்யாண வீட்டில் கலக்குவார்களே, அந்த ரோஸ்மில்க் நிறம். டிரம்முக்கு ஓடினேன். ஒரு எவர்சில்வர் டம்ளரில் மொண்டு பார்த்தேன். அதுவும் ரோஸ். கொஞ்சம் இளசு. மூடியைத் திருப்பினேன். இரும்பு வளையம் உட்காருகிற பள்ளத்தில், சுற்றிலும், ஈரத்தில் ஊறிப்போன சாயப்பொடி மருதாணி மாதிரி ஒட்டியிருந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் காலியான டிரம். பாரின்ல இருந்துச்சுங்க என்றானே, சாயத்தோடு வந்ததைச் சொல்லியிருக்கிறான். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டியிருந்தால் மைதானத்திலேயே தெரிந்திருக்கும். அதைத்தானே சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் செய்துகொண்டிருந்தேன்.

மனைவியிடம் டம்ளரைக் காட்டினேன். பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் டம்ளரைப் பார்த்தாள்.

“அதுக்குள்ளதான் என்ற அண்ணன் நிக்கறானா?”

“மெதுவாப் பேசு.”

“மெதுவாப் பேசறதுக்கு என்ன இருக்குது? மண்டபத்துக்குப் போகோணும். ரோஸ் பவுடர் போட்ட கூத்துக்காரனாட்டம் வந்து நிக்கப் போறான். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க கம்பெனியில வாங்கற சாமானெல்லாம் இப்படித்தான் பாத்து வாங்கறீங்களா?”

இரண்டு பேரும் பாத்ரூம் கதவுக்கு முன்னால், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி நின்றோம். என்ன நிறத்தில் வருகிறாரோ என்று தாழ்ப்பாளையே பார்த்தேன். மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசினால் ரோஸ் போகுமா, இல்லை ஆரஞ்சாக மாறுமா என்று யோசித்தேன். அவருக்கு எழுந்திருக்க முடியாத காய்ச்சல் என்று மண்டபத்துக்குச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். குழாயைத் திறந்து ஒரு குடம் பிடிக்கலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. தெருவெல்லாம் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

தாழ் திறந்தது. மச்சான் வெளியே வந்தார்.

பழைய மச்சானேதான். அதே கருப்பு, அதே மீசை. நெற்றியில், காதுமடலில், கழுத்தில் எங்கும் ஒரு பொட்டு ரோஸ் இல்லை. இடுப்பில் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே இருந்தது. தோளில் துண்டு. அதன் ஒரு மூலையில் மட்டும் லேசாக ஏதோ சிவந்த மாதிரி. அது முந்தின நாள் வெற்றிலைக் கறையாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

“எப்படிங்க இருந்துச்சு மச்சான்?” என்று கேட்டேன்.

“நெம்ப நல்லா இருந்துச்சுங்க மாப்ளே. இப்படித் தண்ணி வாத்து எத்தனை நாளாச்சு!” முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “ஒரு பக்கெட்டுக்கும் மேலயே ஆயிப்போச்சு, பாத்துக்குங்க.”

நான் மூச்சுவிட்டேன். அப்போதும் என் புத்தி எப்படிப் போயிற்று பாருங்கள். நல்ல சாயம்தான், தோலில் ஒட்டவே இல்லையே, குறைந்த விலைக்கு வாங்கினாலும் தரமான டிரம் என்று ஒரு நொடி பெருமையே வந்துவிட்டது. விடியற்கால இருட்டில் மனிதர் கவனிக்கவில்லை, தப்பித்தோம் என்று மனைவிக்கு ஜாடை காட்டினேன். அவள் நம்பாமல் தன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது நங்கையா குளிக்க வேண்டும். மனைவி தடுமாறி, “கொஞ்சம் இருங்க நங்கையா, வேற தண்ணி…” என்று ஆரம்பித்தாள். அதற்குள் மச்சான் தன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மா எழுந்திருக்கவே இல்லை.

“எனக்கு வேண்டாம் அம்மணி. நேத்துத்தான் எண்ணெ வெச்சுத் தலைக்கு வாத்தேன். இன்னைக்கு மறுபடியும் வாத்தா சளி புடிச்சுக்கும். மூஞ்சி மட்டும் கழுவிக்கறேன்.”

சித்திரை வெயிலில் சளி. நான் அதையும் நம்பினேன். ஒரு நாளில் எத்தனை நம்பலாம் என்பதற்குக் கணக்கு இல்லைபோல. நங்கையா முகம் கழுவப் பழைய தொட்டியின் பக்கம்தான் போனார். டிரம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் மச்சான் என் பக்கத்தில் உட்காரவில்லை. பெரிய ஃபேனுக்கு நேர் எதிரே, யாரும் அருகில் இல்லாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். சந்தனத்தை வழக்கத்துக்கு மேலேயே எடுத்து மார்பிலும் கழுத்திலும் தடவிக்கொண்டார். பன்னீர்ச்சொம்புக்காரரை இரண்டு தரம் கூப்பிட்டார். பந்தியில் யாரோ வேண்டுமென்றே, “என்னங்க, மாப்ளை ஊட்டுல இந்தத் தடவை தண்ணி கெடைச்சுதுங்களா?” என்று வாயைக் கிளறினார்கள். என் மனைவியின் கை பருப்புச் சோற்றில் அப்படியே நின்றது.

“அதெல்லாம் தாராளமுங்க,” என்றார் மச்சான். “டிரம் டிரம்மா வெச்சிருக்காங்க.”

இவ்வளவுதான் சொன்னார். அதோடு எங்கள் வீட்டுச் சோப்புக் கதை செத்துப்போனது. திரும்பி வரும்போது நான் பஸ்ஸில் மார்பை நிமிர்த்திக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து டிரம் இரண்டையும் சந்தில் கவிழ்த்தேன். சாக்கடை எதிர்வீட்டு வாசல் வரைக்கும் ரோஸாக ஓடியது. அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த வருசம் சாயத்தண்ணி ஊத்தற நோம்பி சீக்கிரம் வந்துருச்சுங்களா?” என்று கேட்டார். அவருடைய டிரம்மில் பச்சை வந்ததாம். நான் விசாரிக்காமலே சொன்னார். பிறகு இரண்டு பேரும் அணையைப் பற்றிப் பேசவே இல்லை.

உண்மை ஆடி நோம்பிப் பண்டிகைக்கு வெள்ளகோவில் போயிருந்தபோதுதான் வந்தது. அடுப்படியில் நங்கையா என் மனைவியிடம் சொல்ல, அவள் திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். முதல் மக்கை மொண்டு வெள்ளை டைல்ஸில் ஊற்றியதுமே மச்சானுக்கு நிறம் தெரிந்துவிட்டது. சத்தம் போட்டால் தங்கச்சி மனசு கஷ்டப்படும், மாப்பிள்ளைக்குச் சங்கடம். அதனால் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டு, பக்கெட் காலியாகிற வரைக்கும் மக்கு மக்காகச் சுவரில் ஊற்றினார். நடுநடுவே முருகா என்றார். கடைசியில் துண்டின் மூலையை நனைத்துப் பார்த்து, அதுவும் சிவந்ததும், வேட்டியை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் தெருவில் ஒரு முறைகூடத் தண்ணீர் தவறவில்லை. மச்சான் அன்றைக்குக் குளிக்கவில்லை.